குடும்பப்பெயர்: நாம்

ஆன்லைனில் எல்லாம் ஏற்றிய பிறகும்
நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.
ஹாடோஸ் ரோட்டில் வண்டி நிறுத்த இடமில்லை.
ஒரு சுற்று போய் வருகிறேன் என்ற டிரைவர்
நுங்கம்பாக்கத்தையே பிரதட்சிணம் செய்துகொண்டிருந்தார்.

பக்கத்து நாற்காலியில் நாம் சுங் ஹோ.
நாம் என்பது குடும்பப்பெயர்.
அவர் ஊரில் அதற்குத் தெற்கு என்று பொருளாம்.
இங்கே அது தன்மைப் பன்மை,
எதிரில் நிற்பவரையும் சேர்த்துக்கொண்டு சொல்வது
என்று ஆங்கிலத்தில் விளக்க எனக்கு வரவில்லை.

அம்மாவும் அப்பாவும் இரண்டு மொழியிலும் ஒன்றென்று
ஒரகடமே அவரிடம் சொல்லி முடித்துவிட்டது.
ஒவ்வொரு முறையும்
முதல்முறை கேட்பவர்போல வியந்து வைப்பார்.

இது மூன்றாவது நீட்டிப்பு.
நான் தட்டிய கடிதம் மூன்று முறையும் ஒன்றே,
தேதி மட்டும் வேறு.
"மேற்படி நபரின் பணிக்குத்
தகுதியான இந்தியர் எவரும் கிடைக்கவில்லை என
நாங்கள் இதனால் உறுதியளிக்கிறோம்."
நாங்கள்.
கம்பெனி வாயில் ஒருநாளும் நாம் வராது.

கிடைக்கவில்லைதான், முதல் வருடம்.
பெயின்ட் ஷாப் ரோபோ
நடுராத்திரியில் தூக்கிய கையோடு நின்றுவிட்டால்
போரூர் பிளாட்டிலிருந்து
குளியலறைச் செருப்போடு அவர்தான் வரவேண்டும்.

இப்போது எத்திராஜ் போதும்.
லைன் மூன்று, ஐ.டி.ஐ., செய்யாறு, கான்ட்ராக்ட்.
ரோபோவின் பிழை எண்களைக் கொரிய மொழியிலேயே
யாரையோ திட்டுகிற வேகத்தில் சொல்வான்.
போன ஆயுதபூஜைக்கு அதன் நெற்றியில்
சென்சாரில் படாமல் சந்தனம் வைத்தவனும் அவனே.

அவன் கேட் பாஸும் என் மேஜைக்குத்தான் வரும்.
பதினோரு மாதம்.
அப்புறம் ஏழு நாள் இல்லாமல் போவான்.
எட்டாம் நாள், புதிதாகச் சேர்ந்தவனிடம் கேட்பதுபோல
ஹெல்மெட் அளவு கேட்பார்கள்.
எவரும் கிடைக்கவில்லை என்ற கடிதம்
அவன் பாஸை அடுத்து
அதே பிரின்டரிலிருந்து வந்தது.
இரண்டும் ஒரே சூடு.

டோக்கன் அறுபத்திரண்டு.

அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"மூணு வருஷமா இருக்காரே,
இங்க யாருக்காவது கத்துக்கொடுத்தாரா இல்லியா?"

கொடுத்தார் என்றால் இவர் இனி எதற்கு.
இல்லை என்றால் இத்தனை நாள் எதற்கு.
நான் ஃபைலைப் புரட்டினேன்:
வாடகை ஒப்பந்தம், வரிக் கணக்கு,
சட்டம் கேட்கும் தொகைக்கு மேலே என்று காட்டும் சம்பளச் சீட்டு.
கேட்ட கேள்விக்கு மட்டும் அதில் தாள் இல்லை.

"எத்திராஜ்," என்றார் நாம்.
"நல்லா பண்ணுவான் சார். எல்லாம் பண்ணுவான்."
ஷாப் ஃப்ளோரில் பொறுக்கிய தமிழ்.
முகத்தில் பெருமை.
புரிந்துதான் சொன்னாரா, ஊருக்குப் போகவேண்டும்போல் இருந்ததா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு வருடம் கேட்டிருந்தோம்.
மூன்று மாதம் கிடைத்தது.

வண்டியில் ஏறியதும் மேலாளருக்குச் செய்தி தட்டினேன்,
அழித்தேன், திரும்பத் தட்டினேன்.
ஜெமினியில் கான்சுலேட் சுவரோரம்
ஃபைலை மார்போடு அணைத்த நம் பிள்ளைகள்.
அவர்களுக்காகவும் ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒருத்தி
உள்ளூரில் எவருமில்லை என்று அடித்திருப்பாள்.

அவருடைய பெயருக்கு இங்கே என்ன பொருள் என்று
அப்போதுதான் சொன்னேன், தமிழிலேயே, விரலால் சுட்டிச் சுட்டி:
நீங்க, நான், டிரைவர் அண்ணன், எல்லாரும்.

"எத்திராஜ்?"
எத்திராஜும்.

கொஞ்சம் யோசித்தார்.
"கம்பெனி?"

டிரைவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.
சைதாப்பேட்டை வரைக்கும் டிராஃபிக்.