கூரேரபா நிறுத்தம்

ஒன்பது வருடமாக இந்தப் பெயரை அறிவிப்பது நான்தான்:
கூரேரபா.
கதவு திறக்கும். இறங்குவார்கள்,
தாலினிலிருந்து வந்தவர்கள் கேமராவோடு,
உள்ளூர்க்காரர்கள் வாளியோடு.
கதவு மூடும். பதினான்கு விநாடி.
பக்கக் கண்ணாடியில் அவர்கள் சிறுத்துப்போக
நான் அடுத்த நிறுத்தத்தில் இருப்பேன்.

இன்று விடுப்பு.
காசு கொடுத்து என் பேருந்திலேயே ஏறினேன்.
ஓட்டியவன் காய்டோ. "ஊர்வே, நீயா!" என்று சிரித்தான்.
"திரும்பும் வண்டி நாலு பத்து. தெரியுமில்லையா?"
தெரியுமாவாம், எனக்கு.

இந்த வண்டி இத்தனை சத்தம் போடும் என்று
இறங்கி நின்ற பிறகுதான் தெரிந்தது.
அது போனது.
போன இடத்தில் கொசு.

வழிப்பலகையில் வரைபடம் இல்லை.
நாலு ஆணி, நாலு மூலைக் காகிதம்,
நடுவில் யாரோ பேனாவால் கிறுக்கிய இதயம்.
அதற்கப்பால் சதுப்பின்மேல்
ஒற்றைப் பலகைப் பாதை கிடந்தது.
மிதித்தால் தாழ்ந்து,
காலெடுத்தால் பெருமூச்சு விட்டது.

உள்ளே போகப் போக மரங்கள் குட்டையாயின.
என் இடுப்புயரத்தில் ஒரு கிழட்டுப் பைன்,
மொத்தமே எட்டுக் காய்.
இந்தக் கறுப்புத் தண்ணீரைக் குடித்து
இவ்வளவுதான் முடிந்தது என்று
கூச்சமில்லாமல் நின்றது.
பாசிக்குள் சிவப்பாய் ஒரு செடி,
மயிர்நுனிதோறும் பிசுபிசுத்த துளி.
கொசு ஒன்று மாட்டியிருந்தது. எனக்கு வருத்தமில்லை.

பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில்
கை தானாக இண்டிகேட்டரைத் தேடியது.
பின்னால் ஹார்ன் அடிக்க எவருமில்லை.
எவ்வளவு நேரம் நின்றேனோ.
இடப்பக்கம் போனேன்;
என் வழித்தடத்தில் இடப்பக்கத் திருப்பம் இரண்டே இரண்டு.

அங்கே பலகைகள் தண்ணீருக்கடியில்.
இருக்கும் என்று நம்பி வைத்த கால்
தொடைவரை போனது.
ஜூலை மாதம் மேலே மட்டும்தான் போலிருக்கிறது.
கத்தினேன்.
தூரத்தில் ஒரு பெருங்கொக்கு பதில் கத்தியது.
நிறுத்தத்தின் பெயரில் பாதி அதன் பெயர்,
தெரிந்த சொல்தான்.
குரலைக் கேட்டதில்லை.

"அந்தப் பலகை போன இலையுதிர்காலமே போய்விட்டது."
வாளியோடு ஒரு பையன், பதினைந்து வயதிருக்கும்.
கை கொடுத்து இழுத்தான். உற்றுப் பார்த்தான்.
"நீங்கள் பேருந்துதானே?"
ஆமாம், நான் பேருந்து.
"ஓடி வந்தேன், கைகாட்டினேன், நிறுத்தவில்லை. மார்ச்சில்."
"நேரமாகியிருக்கும்."
"ஒரு நிமிடம்," என்றான், கோபமில்லாமல்,
பலகையின் அகலத்தைச் சொல்வதுபோல.
அவன் பெயர் இந்த்ரெக்.
அதற்குமேல் எதுவும் கேட்க வாய் வரவில்லை.
அவன் முன்னால் நடந்தான்,
அவன் குதித்த இடத்தில் நானும் குதித்தேன்.

சாலைக்கு ஏறியபோது நாலு பதினொன்று.
வளைவில் வண்டியின் பின்பக்கம்,
தூசி, பிறகு தூசி மட்டும்.
காய்டோ சரியாகத்தான் ஓட்டுகிறான்.

அடுத்தது ஆறு இருபத்தைந்துக்கு.
பெஞ்சில் உட்கார்ந்து காலுறையைப் பிழிந்தேன்,
தேநீர் நிறத்தில் ஒழுகியது.
பையன் வாளியை எங்களுக்கு நடுவில் வைத்தான்.
மஞ்சள் பழம், வாயில் போட்டால் முதலில் புளிப்பு,
அப்புறம் பல்லிடுக்கில் விதை.
இன்னும் ஒன்று இருக்கிறது,
நாக்கால் நெருடிக்கொண்டே இருக்கிறேன்.