மூன்று டன்

குத்தாயிசியில் ஏறும்போதே கேட்டிருக்கலாம்,
நடைவழியில் நீளமாகக் கிடந்த அந்தப் பெட்டி என்னவென்று.
இருபுறமும் வெங்காய மூட்டைகள்.
முழங்கால் அதில் இடிக்க இடிக்க நாலு மணி நேரம்.
நான் பாலம் பார்க்க வந்தவன்,
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆற்றின் ஜார்ஜியப் பெயர் என் வாயில் நிற்கவில்லை.
அர்த்தம் மட்டும் நின்றது: குதிரைத் தண்ணீர்.
பனி உருகும் மாதத்தில் அதற்குக் கடிவாளம் கிடையாது
என்றாள் பக்கத்து இருக்கை லாமாரா,
கறுப்பு உடுப்பு, மடியில் ஒரு சேவல்.
பாலத்தைப் பற்றிக் கேட்டேன்.
"அதுவா? அங்கே இறங்கணும்."
அவ்வளவுதான் அவளிடம் இருந்த வரலாறு.

மீதி என் புத்தகத்தில் இருந்தது:
ஜார் காலத்து இரும்பு, கையால் அடித்த தறையாணி,
இரண்டு போர், ஒரு வெள்ளம்,
நீளம் நாற்பத்தாறு மீட்டர்.

வளைவு திரும்பியதும் வண்டி நின்றது.
துருவேறிய பலகையில், மூன்று டன்.
ஓதாரி இயந்திரத்தை அணைக்காமலே கதவைத் திறந்தான்.
ஒரு வார்த்தை இல்லாமல் எல்லாரும் இறங்கினார்கள்,
பள்ளிக்கூடப் பையன்,
புதுப் பல் கட்டிக்கொண்டு ஊர் திரும்பும் பெரியவர்,
பிறகு வெங்காய மூட்டைகள்.
இங்கே வெற்று வண்டிதான் ஆற்றைக் கடக்கும்,
மனிதர்கள் நடப்பார்கள்.

பெட்டி மட்டும் உள்ளே.

ஓதாரி பிடரியைச் சொறிந்தான்.
"எழுபது கிலோ இருப்பாரா? மரத்தோடு சேர்த்து நூறு?
தாங்கும். மெதுவாக ஓட்டுகிறேன்."
பலருக்கும் அது சரியென்றே பட்டது.
லாமாரா சேவலை இடுக்கிக்கொண்டு
கதவருகே போய் நின்றாள்.

"நாற்பத்தொரு வருஷம்
மழையிலும் பனியிலும் இங்கே இறங்கி நடந்த மனுஷன்.
கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தபோதும் நடந்தார்.
இன்றைக்கு மட்டும்
துரை மாதிரி உட்கார்ந்துகொண்டு போவாரா?"

"உட்கார்ந்து இல்லை, படுத்து" என்றான் பையன்.
எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.
முதலில் சிரித்தது அவள்தான்.

வார்லாமியை இறக்கினார்கள்.
ஆறு தோள் வேண்டும், ஐந்துதான் தேறியது.
நான் போய் நின்றேன்.
என் உயரத்தை அளந்து பார்த்து, பெட்டி சாயும் என்றார்கள்.
ஓதாரி வண்டியை அப்படியே விட்டுவிட்டு வந்தான்.
எனக்குச் சேவல் கிடைத்தது.

பலகை இடுக்குகளில் தண்ணீர்
பச்சையாக, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியது.
இரும்பின் நடுக்கம் உள்ளங்காலில் ஏறியது.
முன்னால் அசையாத அவர்.
என் உள்ளங்கைக்குள் சேவலின் நெஞ்சு
தந்தி அடித்துக்கொண்டிருந்தது.

நடுப்பாலத்தில் நின்று தோள் மாற்றினார்கள்.
பெரியவர் கோட்டுப் பையிலிருந்து குப்பியை எடுத்தார்.
புதுப் பல்லுக்கு ஒரு மடக்கு.
பலகை இடுக்கில் ஒரு மடக்கு.
குதிரை குடித்தது.

கைப்பிடிக் கம்பியில் ஒரே ஒரு இடம்
துரு இல்லாமல் பளபளத்தது.
போகிறவர்கள் எல்லாரும் அதைத் தொட்டார்கள்.
ஏனென்று கேட்கவில்லை,
நானும் தொட்டேன், முழங்கையால்.

அக்கரையில் ஒரு தட்டைப் பாறைமேல் அவரை வைத்தார்கள்.
ஓதாரி தனியாகத் திரும்பி நடந்தான்.
அப்புறம் வந்தது வண்டி,
வானொலி யாருக்கோ பாடிக்கொண்டிருக்க,
ஒவ்வொரு பலகையாகத் தட்டிக்கொண்டு,
பதினாறு காலி இருக்கைகளோடு.
இவ்வளவு நேரம் வறண்டிருந்த லாமாரா
அதைப் பார்த்துத்தான் அழுதாள்.

படம் எதுவும் எடுக்கவில்லை.
நாற்பத்தாறு மீட்டர் என்பதில் தவறில்லை,
புத்தகத்துக்கு யாரும் பின்னால் நடந்து காட்டவில்லை, அவ்வளவுதான்.
தனியாள் அறுபது எழுபது காலடியில் கடந்துவிடுவான்.
வார்லாமிக்குப் பின்னால் எத்தனை என்று
நூற்றெழுபதுவரை எண்ணினேன்.
அதற்குள்
சேவல் கொத்திவிட்டது.