பதினான்கு குடம்

இந்தத் தொட்டியை நாங்கள் கேட்டு வாங்கவில்லை.
மஸ்கட்டிலிருந்து திரும்பிய வீட்டுக்காரர்
ஆசையாய்ப் பதித்துவிட்டு
மகளோடு கனடா போய்விட்டார்.
இளஞ்சிவப்பு. மடிப்பாக்கத்தில்
அநேகமாக ஒன்றே ஒன்று.

ஆறு வருடம் அதில் லாரித் தண்ணீர் பிடித்து வைத்தோம்.
மேலே ஒட்டுப்பலகை, பலகைமேல் சோப்புத்தூள்,
கொசு இறங்காமலிருக்க ஒரு பழைய வேட்டி.

அந்த டிசம்பரில் வேறு தண்ணீர் வந்தது.
வாசல் வழியாக அல்ல,
கக்கூஸ் வழியாக.
சுற்றிலும் சாக்கடை நிற்க
தொட்டிக்குள் மட்டும்
போன வியாழக்கிழமைத் தண்ணீர், தெளிவாக.
கீழ் இரண்டு தட்டுப் புத்தகங்களும்
ஊறிப் பருத்து
அலமாரியை விட்டு வெளியே வர மறுத்தன.
இஸ்திரி போட்டுக் காயவைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள்.
போட்டேன்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
பழுப்பாய் ஒரு முக்கோணம்.

அதன் பிறகுதான் இந்தக் கையகலக் கருவி.
எண்ணூறு புத்தகம்,
அரைமூடித் தேங்காயின் கனம்.

வீட்டில் உள்ளிருந்து தாழ் விழும் கதவு
குளியலறைக்கு மட்டும்தான்.
ஞாயிறு இரவு ஏழரைக்கு,
அதுவும் லாரி வந்த வாரமாக இருந்தால்,
பதினான்கு குடம்.
முழங்கால் மூழ்காது. போதும்.

"புத்தகத்தோடயா? தண்ணிக்குள்ளயா?"
என்றார் இன்பசேகர்.
எதிர்வீட்டு ஹெப்சிபா தன் பங்குக்கு
அவள் அக்கா நனைந்த போனை
அரிசி டப்பாவில் புதைத்த கதையைச் சொன்னாள்:
மூன்றாம் நாளும் போன் எழுந்திருக்கவில்லை,
அரிசியை மட்டும் வடித்துச் சாப்பிட்டார்களாம்.

அன்றிரவு
இறால் வந்த ஜிப் பையைக் கழுவி
உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்து
காற்றைப் பிதுக்கி மூடி
வாளியில் அமுக்கி
மேலே அம்மிக்குழவியை வைத்துவிட்டுப் படுத்தார்.
காலையில் என் காபி டம்ளருக்குப் பக்கத்தில்
அந்த டிஷ்யூ.
தொட்டுப் பார்த்தேன், மொரமொரவென்று இருந்தது.

அவருக்கு இரண்டே கட்டளை:
சார்ஜர் இந்தப் படி தாண்டக்கூடாது.
தூக்கம் வந்தால் குரல் கொடுக்க வேண்டும்.

பைக்குள் இன்னும் லேசாக இறால் மணக்கிறது.
கதை நடப்பது பனி பெய்யும் ஏதோ நாட்டில்,
அங்கேயும் இறால்.
விரல் ஈரமாயிருந்தால் பக்கம் புரளாது.
நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழுந்து உருண்டால்
தானே நாலைந்து பக்கம் புரண்டுவிடும்.
அப்படித்தான் ஒரு கிழவர்
நான் பார்க்காதபோது செத்துப்போனார்.
எப்படி என்று திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை.
சொட்டு படித்திருக்கும்.

நாற்பது பக்கத்தில் தண்ணீர் ஆறிவிடும்.
அதைக் கொட்ட மனசு வருமா?
வாளி வாளியாய் மொண்டு
கூடம் துடைக்க, கக்கூசுக்கு ஊற்ற,
மீந்தது வாசல் கறிவேப்பிலைக்கு.
சோப்பு படாத தண்ணீர்தானே,
படித்த தண்ணீர்.

போன ஞாயிறு கிழவரின் சவ ஊர்வலத்துக்கு நடுவே
கரண்ட் போய்விட்டது.
கருவி மட்டும் தன் வெளிச்சத்தில்.
கூரையில் மெல்ல ஒரு அலை.
கதவுக்கு அந்தப் பக்கம்
செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"இருக்கியா?"

"பன்னிரண்டு சதவீதம்" என்றேன்.

செருப்பு நகர்கிற சத்தம் கேட்கவில்லை.