பதினைந்து தசம் ஐந்து

வாழைச்சேனைத் துறைமுகத்தில்
மாரிக்கு இழுத்துக் கட்டின போட்டுகள்
விலாவோடு விலா உரசிக் கிடக்கின்றன.
எங்கள் ஐஸ் ஆலையில்
ஒரு கொம்பிரசர் மட்டும் இருமுகிறது.

சீவல் ஐஸ் மெசின் வாங்க வேண்டும்.
வங்கி கேட்டது ஒரேயொரு எண்:
உங்கள் காசின் விலை என்ன?
மெசின் நூற்றுக்குப் பதினைந்து தரும்.
விலை அதற்குக் கீழே நின்றால் கையெழுத்து.

நேசதுரை ஐயா கதிரையை இழுத்துப் போட்டார்.
‘எழுது கா.’

மொத்தம் ஒரு கோடி. பாதி வங்கியுடையது,
வரிக்கழிவு போகப் பதினான்கு வீதம்.
இந்தக் காசுக்கு முகமில்லை, திகதிதான் உண்டு.
வாடை அடித்தாலும் வலை நனையாவிட்டாலும்
இருபத்தேழாம் நாள் கதவைத் தட்டும்.
ஆனால் ஆலையை யார் நடத்துகிறார் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

முப்பது இலட்சம் ஓட்டமாவடி ரஸீன் நானாவுடையது.
வட்டி என்ற சொல்லைச் செருப்போடு
வாசலில் கழற்றிவிட்டு வருகிறவர்.
லாபத்திலும் பங்கு, நட்டத்திலும் பங்கு.
போன கார்த்திகையில் வந்து
பூட்டின களஞ்சியத்தைப் பார்த்தார்.
பிளேன்டியை ஊதி ஊதிக் குடித்தார்.
‘கடலுக்கு நாம கேஸ் போடேலுமா, தங்கச்சி’ என்றார்.
சித்திரையில் சூரை பட்டபோது
இரண்டு கையாலும் அள்ளிப் போனதும் அவர்தான்.
ஆண்டுகளைக் கூட்டிப் பிரித்தால் பதினெட்டு.
பொறுமைக்கு அது அநியாய விலை என்று
நான் சொல்லமாட்டேன்.

மிச்சம் இருபது இலட்சம், சுவிஸ் மச்சானுடையது.
‘அது சும்மா காசு. பூச்சியம் போடு.’

நான் பேனையை மூடினேன்.
சும்மா காசு ஒவ்வொரு ஞாயிறும் வட்ஸ்அப்பில் வருகிறது.
கமராவைத் திருப்பச் சொல்லி
உப்புத்தண்ணீர்த் தொட்டியில் அச்சுகளை எண்ணுகிறது.
அதன் மகன் லீவில் வந்து
பம்பை இடம்மாற்றிவிட்டுப் போனான்,
இன்னும் ஒழுகுகிறது.
எல்லாரும் எடுத்தபின்
சட்டியில் மிஞ்சினது மச்சானுக்கு;
கடைசிப் பந்தியில் இருக்கிறவன் பசிக்கு
விலை கூட, ஐயா.
இருபது என்றேன்.
உறவைக் கழித்துப் பன்னிரண்டுக்கு வந்தார்.

கல்குலேட்டர் சொன்னது: பதினான்கு தசம் எட்டு.
மயிரிழையில் மெசின் வாசலுக்குள் வந்துவிட்டது.

ஐயா சிரித்தார். தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லி
உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.
யாரும் வரவில்லை.
சம்மனசு அண்ணன் வேலைக்கு வராமல்
இரண்டு கிழமை என்பது
அவருக்கு அப்போதுதான் தெரியும்.

அந்த வரியை நான் பென்சிலால் எழுதினேன்:
பதினொரு பேர். மூன்று மாதம். பதினாறரை இலட்சம்.

‘சம்பளம் செலவு கா. மூலதனமில்லை.’

‘கொடுத்தால் செலவு.
கொடுக்காத வரைக்கும் அதில்தான் ஆலை ஓடுது.’

அமோனியா வாங்கியது அது.
கரண்ட் பில்லின் சிவப்பை அணைத்தது அது.
வங்கியின் இருபத்தேழாம் திகதியைக்கூட
இரண்டு தரம் அதுதான் கட்டியது.
என்ன வீதம் போடுவது?
கோட்டைமுனையில் என் சங்கிலி அடகில் கிடக்கிறது,
ஆண்டுக்கு இருபது.
எனக்குத் தெரிந்த எண் அது ஒன்றுதான்;
அதையே பதினொரு பேருக்கும் போட்டேன்.

பதினைந்து தசம் ஐந்து.

ஐயா அந்த அரையை
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
வெளியே மழை தகரத்தில் விழுந்தது.
கொம்பிரசர் நின்று, யோசித்து, திரும்பத் தொடங்கியது.

‘பென்சில்தானே’ என்றார்.

‘ஓம், பென்சில்தான்.’

அழிறப்பர் தேடி லாச்சியைத் திறந்தார்.
மேலே கிடந்தது சம்பளக் கொப்பி.
அதைத் தூக்காமல்
அடியில் கைவிட்டுத் துழாவினார்.