தேவை எண் 417

கதவு மெல்ல மூட வேண்டும்.
இவ்வளவுதான் வாக்கியம்.
'மெல்ல'வின் அடியில் மென்பொருள்
மஞ்சள் கோடு இழுத்திருக்கிறது:
அளக்க முடியாத சொல்.

எதிலிருந்து பிறந்தது? மேல் இணைப்பு இல்லை.
எழுதியது யார்? முன்னாள் பயனர்;
பெயரைக் கணக்கோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள்.
பதினோரு பதிப்புகள். எண் மாறியிருக்கிறது,
சொல்லை ஒருவரும் தொடவில்லை.
காரணம் என்ற பெட்டி
காலி.

"அநாதை. அழித்துவிடு" என்கிறான் ராடெக்,
ஆஸ்ட்ராவாவிலிருந்து. அவன் சுட்டி
என் திரையில் பச்சையாக ஊர்ந்துவந்து
அந்த வரிமேல் நிற்கிறது,
விளக்கடிப் பல்லிபோல.

நான் அழிக்கவில்லை.
இரக்கம் என்று நினைக்க வேண்டாம்,
எனக்குப் பசி.

பில்சனில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.
நான்காம் எண் டிராமின் கதவிடுக்கில்
ஒரு கையுறை. பழுப்புக் கம்பளி, சின்னது.
இரண்டு நிறுத்தம்வரை வெளியே ஆடியபடி வந்தது.
எல்லோரும் பார்த்தோம்,
ஜன்னலைப் பார்ப்பதுபோல.
கதவு திறந்ததும் விழுந்தது.
இறங்கி எடுத்து
ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தேன்.
காலிதான்.

திரும்பி வந்து 'மெல்ல'வை வெட்டினேன்.
நூற்றைம்பது நியூட்டனுக்கு மிகாமல்.
பெட்டியில் எழுதினேன்:
கையுறைக்குள் விரல் உண்டா என்று
கதவுக்குத் தெரியாது.
இப்படிக்கு, வ்லஸ்தா.

சேமித்ததும்
அதில் தொங்கிய முப்பத்தெட்டு சோதனைகளும்
மளமளவென்று சிவந்தன:
மறுபடி சரிபார்க்கவும்.

ராடெக் அழைக்கிறான்.
வெள்ளிக்கிழமை, மணி நாலேகால்.
அடிக்கட்டும்.
மஞ்சள் கோடு இருந்த இடத்தை
இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்கிறேன்.