மார்ச் பதினான்கு, வியாழன், பிற்பகல் 2:47

பகாவில் மழை நாலு மணிக்கு வரும்,
கரண்டு நாலேகாலுக்குப் போகும்.
ஆலை வாசலின் வருகைப் பெட்டி
ஒரு முறை செத்து
ஜெனரேட்டர் உறுமியதும் பிறக்கும்.
பிறந்ததும் சொல்லும்:
மார்ச் பதினான்கு, வியாழன்,
பிற்பகல் இரண்டு நாற்பத்தேழு.

ஆகஸ்டிலும் அதையே சொன்னது.
தீபாவளிக்கு முந்தின வாரமும்.

பாய்லர் மொஹிபுல் ராத்திரி ஷிப்டு முடிந்து
கட்டைவிரலை வைப்பான்.
விரலில் கரி, மூன்றாம் தடவைதான் ஏற்கும்.
ஏற்று, அவனை மார்ச்சில் எழுதிக்கொள்ளும்.
எட்டு மணிக்குக் கிராணி ஜெயசுதன் வந்து
பெட்டியின் மணியைத் திருத்துவார்.
இரவை யார் திருத்துவது?
அவர் கணக்கில் மார்ச் சம்பளம்
எப்போதோ போட்டாகிவிட்டது.
பதினோரு இரவின் ஓவர்டைம்
சிவப்பு வரிகளாய் நின்றது.

"பேட்டரிதான்லா" என்றேன் போனில்,
பெட்டியைத் திறக்காமலே.

மூன்று தடவை மாற்றினேன்.
இருபது சென் காசின் அகலம்,
ஒன்று எட்டு வெள்ளி,
பெட்ரோல் தனி.

நான்காம் தடவை பெட்டியையே கழற்றி
கடைக்குக் கொண்டுவந்தேன்.
மேலே பல் டாக்டர், கீழே நான்.
மீட்டர் மூன்று புள்ளி பூஜ்யம் நான்கு என்றது.
பேட்டரி நிரபராதி.
தகட்டில் துருவில்லை,
இருந்தும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்,
வேறு ஆள் அகப்படாததால்.
அரிசி மணியளவு கிரிஸ்டலைச் சந்தேகித்தேன்,
பிறகு ஈயப் பற்றை,
பிறகு சீனாவை.

கடைசியில் என் நிரலை நீக்கிவிட்டு
நேரம் மட்டும் கேட்கிற பத்து வரி ஏற்றினேன்.
சரியான மணியைச் சொல்லிக்கொடுத்து
பிளக்கைப் பிடுங்கிவிட்டு
எதிர்க்கடைக்குப் போனேன்.
ஒரு தே தாரிக், ஒரு ரொட்டி சானாய்,
குழம்பு இன்னொரு கரண்டி.

திரும்பி வந்து செருகினால்
இருபத்திரண்டு நிமிடம் கடந்திருந்தது அதற்கும்.
கைப்பேசியோடு நொடி பிசகவில்லை.
யாரும் பார்க்காத இருட்டில்
நான் ஊதி ஊதிக் குடித்ததையெல்லாம்
எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது.

பழைய நிரலைத் திரும்ப ஏற்றினேன்.
மார்ச் பதினான்கு.

மேலே டிரில் நின்றது.
நாற்பத்தொன்றாம் வரி:
எழும் ஒவ்வொரு தடவையும்
இந்த நிரல் தொகுக்கப்பட்ட நேரத்தைக்
கடிகாரத்தில் எழுது.
பக்கத்தில் என் குறிப்பு:
"நந்தி எடுக்கணும்."

நந்தி என்றால் மலாயில் அப்புறம்.
அந்த நந்தி விலகவேயில்லை.
வழியை மறித்து உட்கார்ந்திருந்தது,
விலகச் சொல்ல வேண்டியவள்
வாசலில் நின்று பேட்டரி விற்றாள்.

சில்லுக்குள் ஒரு பிட் உண்டு.
நடுவில் நின்றுபோனாயா என்றால்
ஒன்று, ஆம். பூஜ்யம், இல்லை.
இத்தனை மாதம் பூஜ்யத்தோடு காத்திருந்திருக்கிறது,
ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

இப்போது நிரல் முதலில் அதைக் கேட்கிறது.
நின்றிருந்தால் மட்டும் வாய் திறக்கும்.

இருபத்து நான்கு வெள்ளியைக் கவரில் போட்டேன்.
பதினோரு இரவுக்குக் கவர் இல்லை.
செம்பனை லாரிக்குப் பின்னால் ஊர்ந்து
மூன்று ஐம்பதுக்கு ஆலையில் பெட்டியை மாட்டினேன்.
ஜெயசுதன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.
ஷிப்டுக்கு முன்னமே வந்திருந்த மொஹிபுல்,
"அக்கா, பேட்டரியா?" என்றான்.

"இல்லை. நான்."

என்ன புரிந்ததோ, தலையாட்டினான்.

மூவரும் கரண்டு போகக் காத்திருந்தோம்.
நாலு. நாலேகால். நாலரை.
இன்றைக்குப் பார்த்து வெயில்
தகரக் கூரையில் சுள்ளென்று அடித்தது.
ஜெயசுதன் வானத்தைத் திட்டினார்.

மொஹிபுல் எழுந்தான்,
கரி விரலால் பிளக்கைப் பிடுங்கினான்,
கையில் வைத்துக்கொண்டு
என்னையே பார்த்தான்.