ஒற்று மிகும் இடம்

ஏரம்பமூர்த்தி சேரின் நாவல்
மூன்று சொப்பிங் பேக்கில் அச்சகத்துக்கு வந்தது.
மட்டக்களப்புக் கச்சேரியில் மொழிபெயர்ப்பாளராய்த் தொடங்கி
கொழும்பில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு கட்டடத்தில்
பென்சன் எடுத்தவர்.
மெய்ப்புப் பார்க்கச் சொல்லித் தந்தார் முதலாளி:
"அரசியல், உளவு, நல்ல விறுவிறுப்பு.
அட்டைக்குக் கல்லடிப் பாலம் போடுவம்.
மீனும் போடவோ?"

சேருக்கு எல்லாம் தெரியும்,
ஒற்றுத்தான் வராது.
'கச்சேரி கோப்பு' என்பார். க் போட்டேன்.
'உளவு துறை' என்பார். த் போட்டேன்.
'வந்தப் பெண்' என்று வேண்டாத இடத்தில் வைப்பார்.
வெட்டினேன்.
ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பதை
இந்த ஊரில் நாங்கள்
இலக்கணப் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை.

நிரோஷ் பாலத்திலிருந்து வாவிக்குள் குதிக்கிறான்.
துவக்கு நனையவில்லை.
அமைச்சரின் மச்சான் கோப்பு விற்கிறான்.
சீனிப் போத்தலுக்குள் ஒலிவாங்கி.
நாட்டின் பெயரை மாற்றியிருக்கிறார் சேர்,
கட்சிகளின் நிறத்தை மாற்றியிருக்கிறார்,
செத்தவர்களின் தொகையையும்,
குறைத்து.
எழுத்துப் பிழை மட்டுமே பார்த்துக்கொண்டு போனேன்.
நடுவில் கொட்டாவியும் விட்டேன்.

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்.
இரவு, கரண்ட் இல்லை.
நிரோஷ் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு
தகவல் தரும் ஆளின் வீட்டுக்குப் போகிறான்.
"கேற்றை அரைச்சாண் தூக்கி திறந்தான்.
தூக்காவிட்டால் அது கத்தும்."

தூக்கிக்கும் திறந்தானுக்கும் நடுவில்
ஒரு த் வேண்டும்.
சிவப்புப் பேனாவை வைத்தேன்.
கை அங்கேயே நின்றது.

நாவற்குடாவில் எங்கள் கேற்.
எழுபத்தெட்டுச் சூறாவளியில் தூண் சாய்ந்தது,
அப்பா நிமிர்த்தவில்லை.
தபால்காரர் தள்ளுவார், அது கத்தும்.
சீட்டுக்காசுக்கு வருபவள் தள்ளுவாள், கத்தும்.
சுற்றிவளைப்புக்கு வந்தவர்கள் உதைத்தார்கள்,
அன்றைக்கு ஒழுங்கை முழுக்கக் கேட்டது.
வீட்டில் நாங்கள் நாலு பேர்.
தூக்கத் தெரிந்தவர்களும் நாலு பேர் என்றுதான்
இருந்தேன் இவ்வளவு காலமும்.

கதையில் அந்த ஆளுக்குப் பெயரில்லை.
'அவர்' என்று எழுதியிருக்கிறார்.
'அவர் தேத்தண்ணி வைத்தார்.
அவர் தாளை நாலாய் மடித்துக் கொடுத்தார்.'
நல்ல தமிழ்.
ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும்,
போன வருடம் போய்விட்ட அப்பாவுக்கும்,
கண்ணில் புரை விழுந்து
விறாந்தையில் ரேடியோ கேட்டிருக்கும் அம்மாவுக்கும்.
தாளில் எத்தனை பெயர் என்று சேர் எழுதவில்லை.
எங்கள் ஒழுங்கையில் எத்தனை வீடு என்று
எனக்குத் தெரியும்.

போன் எடுத்தேன்.
"சேர், நூற்று நாற்பத்து மூன்றில ஒரு சந்தேகம்."
"என்ன, ஒற்றா?"
"ஓம் சேர். ஒற்று."
அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் சத்தம்,
கொஞ்ச நேரம்.
"போடுற இடத்தில போடுங்க பிள்ள.
மற்றதெல்லாம் கற்பனைதானே."

போட்டேன்.

சனிக்கிழமை, காத்தான்குடியிலிருந்து
வெல்டிங் பாறூக்கைக் கூப்பிட்டேன்.
"நாப்பது வருசம் விட்டுப்போட்டு
இப்ப என்ன அவசரம்?" என்றான்.
புத்தகம் வருகிறது என்று சொல்லவில்லை.
வாங்குகிறவர்கள் கதை படிக்கவா வாங்குவார்கள்,
தங்கள் ஒழுங்கையைத் தேடத்தான்.
தூண் நிமிர்ந்தது, புதுக் கீல், கிறீஸ்.
மூவாயிரத்து எண்ணூறு.
இனி யாரும் ஒரு விரலால் தள்ளலாம்.

திங்கள் காலை
மீற்றர் வாசிக்க வந்த பொடியன்
முற்றம் வரைக்கும் வந்துவிட்டான்.
கேற் கத்தவில்லை.
நான் கிணற்றடியில் நின்றேன்.
காலடியைக் கேட்டு
அம்மா ரேடியோவைக் குறைத்தா,
திரும்பிப் பார்க்காமலே
மெல்லிய குரலில் கேட்டா:

"சைக்கிள வேலியில சாத்தினீங்களோ?"